முதல் நாள் வாங்கியவர்கள்

புதுசாக ஒரு ஸ்மார்ட்போன் அறிவிக்கப்பட்டால் போதும், அன்று ராத்திரிக்குள் தீர்ப்பு வந்துவிடும். "பேட்டரி பத்தாது", "கேமரா பழசு", "இந்த விலைக்கு இதுவா?" என்று ஒரு கூட்டம். "இனிமேல் எல்லாம் இதுதான்" என்று இன்னொரு கூட்டம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலானவர்கள் அந்தக் கருவியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மேடையில் காட்டியதையும், வசதிகளின் பட்டியலையும் வைத்துத்தான் அத்தனை பேச்சும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. காசைக் கொடுத்து முதல் ஆளாக வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனவர்கள். இவர்களுடைய கருத்து உடனே வராது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் வரும். ஆனால் கடந்த ஐம்பது வருடக் கதையைப் புரட்டிப் பார்த்தால், எந்தக் கருவி நிற்கும், எது போகும் என்று முடிவு செய்ததில் பெரிய பங்கு இவர்களுடையது. அந்த முடிவுக்கான செலவைக் கொடுத்ததும் இவர்கள்தான். அந்தச் செலவின் கதைதான் இது.

ஒரு மணி நேர டேப்

1975-ஆம் வருடம். தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது என்றால் அந்த நேரத்துக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். தவறவிட்டால் தவறவிட்டதுதான். இந்தக் கட்டாயத்தை உடைக்க வந்தது சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ். மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே வருட இறுதியில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே முதலில் தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்து ஒரே மரப்பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை 2,495 டாலர்! அன்றைக்கு அது ஒரு காரை நினைத்துப் பார்க்க வைக்கும் தொகை.

சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா இந்தக் கருவியை "நேரத்தை நகர்த்தும்" கருவி என்று அறிமுகப்படுத்தினார். ராத்திரி 9 மணிக்கு வருவதை மறுநாள் காலையில் பார்க்கலாம். படம் துல்லியம். கேசட் கையடக்கம். எல்லாம் சரி, ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம் மட்டுமே பதிவு செய்ய முடியும்.

தொலைக்காட்சித் தொடர் என்றால் பரவாயில்லை. சினிமா? பாதியில் நின்றுவிடும். எழுந்து போய் கேசட்டை மாற்ற வேண்டும். ஆள் வெளியே போயிருந்தால் மீதிப் படம் போச்சு. வீட்டில் இல்லாதபோது பதிவு செய்யத்தானே இத்தனை பணம் கொடுத்து வாங்கியது?

1976 அக்டோபர் இறுதியில் ஜப்பானில் போட்டிக் கருவி வந்தது. ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ். ஷிஸுவோ தகானோ, யூமா ஷிராய்ஷி என்ற இருவர் தலைமையில் உருவானது. கேசட் கொஞ்சம் பெரிசு. ஆனால் 2 மணி நேரம் ஓடும். ஒரு சினிமா முழுசாக அடங்கும்.

அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் அதையும் தாண்டிக் கேட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று மூன்று மணி நேரத்துக்கு மேலேகூட இழுக்கும். அது ஒரே கேசட்டில் அடங்கியாக வேண்டும் என்றார்கள். ஜேவிசியின் தாய் நிறுவனமான மட்சுஷிட்டா டேப்பின் வேகத்தைக் குறைத்து 4 மணி நேரம் ஓட வைத்துக் கொடுத்தது. வேகம் குறைந்தால் படத்தின் தரமும் குறையும். ஆர்சிஏ அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1977 ஆகஸ்டில் 1,000 டாலர் விலையில் அந்தக் கருவி கடைக்கு வந்தது.

தரம் பெரிதா, நேரம் பெரிதா?

பீட்டாமேக்ஸ் தோற்றதைப் பற்றி ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றுகிறது. நல்ல சரக்கு தோற்றது, மட்டமான சரக்கு ஜெயித்தது, மக்களுக்கு ரசனை இல்லை என்று. இது பாதி உண்மை. ஆரம்பத்தில் பீட்டாமேக்ஸின் படம் கொஞ்சம் துல்லியமாக இருந்தது நிஜம். ஆனால் விஎச்எஸ்ஸுக்கு ஈடுகொடுக்க சோனியும் டேப் வேகத்தைக் குறைத்து 2 மணி நேரம் ஓட வைத்தபோது அந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துவிட்டது. வீட்டில் இருந்த சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியில் மிச்சமிருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும்.

ரசனை இல்லாத மக்கள் என்று சொல்வதைவிட, தேவை என்னவென்று தெரிந்த மக்கள் என்று சொல்வதே சரி. அவர்கள் கேட்டது மூன்றே கேள்வி. படம் முழுசாக அடங்குமா? விலை கட்டுப்படியாகுமா? பக்கத்து வீட்டில் கேசட் இரவல் வாங்கினால் நம் வீட்டில் ஓடுமா?

மூன்றாவது கேள்விதான் கடைசியில் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. ஜேவிசி தன் தொழில்நுட்பத்தை ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி என்று பல நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது. சோனி பக்கம் தோஷிபா, சான்யோ போன்றவை நின்றன. (இந்தத் தோஷிபா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.) நிறையப் பேர் தயாரித்ததால் விஎச்எஸ் விலை இறங்கியது. நிறைய வீடுகளில் இருந்ததால் வாடகைக் கடைக்காரர் அந்தக் கேசட்டுகளையே அதிகம் வாங்கி வைத்தார். கடையில் அதிகம் இருந்ததால் புதிதாக வாங்குகிறவர் விஎச்எஸ்ஸையே கேட்டார். சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது. பீட்டாமேக்ஸ் வைத்திருந்தவருக்குக் கடையின் ஒரு மூலையில் சின்ன அலமாரி மட்டும் மிஞ்சியது.

1988-இல் சோனியே விஎச்எஸ் கருவி தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகும் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர்கள் 2002 வரை தயாரிக்கப்பட்டன. காலி கேசட்டுகள் விற்பது 2016 மார்ச்சில்தான் நின்றது. அதே வருடம் ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் விஎச்எஸ் கருவித் தயாரிப்பை நிறுத்தியது. ஜெயித்ததும் தோற்றதும் ஒரே வருடத்தில் கடையைக் கட்டின!

நீதிமன்றம் ஏறிய வீட்டுப் பழக்கம்

விற்பனைச் சண்டை ஒருபுறம் நடக்கும்போதே இன்னொரு பெரிய சண்டையும் நடந்தது. இதில் தோற்றிருந்தால் பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் இரண்டுமே காலி.

சோனியின் விளம்பரம் ஒன்று, யுனிவர்சல் நிறுவனத்தின் இரண்டு துப்பறியும் தொடர்களைப் பெயர் சொல்லி, ஒன்றைப் பார்ப்பதால் மற்றதைத் தவறவிட வேண்டியதில்லை என்று ஆசை காட்டியது. யுனிவர்சலுக்குக் கோபம் வந்துவிட்டது. 1976 நவம்பரில் யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து சோனி மீது வழக்குப் போட்டன. வீட்டில் பதிவு செய்வது காப்புரிமை மீறல், அதற்குக் கருவி செய்து கொடுக்கும் சோனி அந்தக் குற்றத்துக்குத் துணை போகிறது என்பது வாதம். எதிர்த்தரப்பில் பீட்டாமேக்ஸ் வைத்திருந்த ஒரு சாதாரண மனிதரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அவரிடம் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடரைப் பதிவு செய்வது சட்டவிரோதமா இல்லையா என்பதே கேள்வியாகிவிட்டது.

1979-இல் கீழ் நீதிமன்றம் சோனி பக்கம். 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் யுனிவர்சல் பக்கம். 1982-இல் அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் தலைவர் ஜேக் வலென்டி நாடாளுமன்றக் குழு முன் பேசும்போது, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஒரு கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் திரைத்துறைக்கு இந்த வீடியோ ரெக்கார்டர் என்ற பொருளில் முழங்கினார்.

1984 ஜனவரி 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டில் சோனி பிழைத்தது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மக்கள் இந்தக் கருவியை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று இரு தரப்புமே கணக்கெடுப்பு நடத்தியிருந்தன. இரண்டிலும் வந்த விடை ஒன்றுதான். பெரும்பாலும், ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க முடியாததைப் பதிவு செய்து, பிறகு ஒரு முறை பார்க்கிறார்கள். இது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம்.

அதாவது வழக்கறிஞர்களின் வாதத்துக்கு நடுவே, வாங்கியவர்களின் அன்றாடப் பழக்கமும் சாட்சி சொன்னது. பின்னாளில் வந்த எத்தனையோ பதிவுக் கருவிகளுக்கு இந்தத் தீர்ப்பு கவசமானது. பயந்து நடுங்கிய திரைத்துறைக்கும் நஷ்டமில்லை. வீடியோ கேசட் விற்பனையும் வாடகையும் அதற்குக் கொழுத்த வருமானமாகிவிட்டது.

இல்லாத வசதி: ஒன்று மூழ்கியது, ஒன்று மிதந்தது

அறிவிப்பு நாளில் எல்லோரும் முதலில் தேடுவது, கருவியில் என்ன இல்லை என்பதைத்தான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் இல்லாத வசதி ஒன்றேதான். இரண்டாலும் பதிவு செய்ய முடியாது.

முதலாவது, விஎச்எஸ்ஸை அமெரிக்காவில் விற்ற அதே ஆர்சிஏ 1981 மார்ச்சில் கொண்டுவந்த வீடியோ தட்டு. கிராமபோன் மாதிரியே ஊசி வைத்து ஓடும் தட்டில் சினிமா! பல வருட ஆராய்ச்சியில் பிறந்த கருவி. விலை 500 டாலருக்குள், வீடியோ ரெக்கார்டரைவிட மலிவு. ஆனால் கடையில் விற்கும் தட்டை மட்டும்தான் பார்க்க முடியும். படத்தின் நடுவில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். வாங்க வந்தவர்கள் பக்கத்தில் இருந்த வீடியோ ரெக்கார்டரைப் பார்த்தார்கள். அதன் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. அதில் பதிவும் செய்யலாம், வாடகைக் கேசட்டும் பார்க்கலாம். பிறகு எதற்கு இது? 1984 ஏப்ரலில் ஆர்சிஏ கையை விரித்தது. நஷ்டம் சுமார் 58 கோடி டாலர்.

இரண்டாவது, சோனி 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மேன். விலை 33,000 யென். டேப் ரெக்கார்டர் என்ற சொல்லிலேயே ரெக்கார்டர் இருக்கிறது, இதில் அது இல்லை. ஒலிபெருக்கியும் இல்லை. பத்திரிகைக்காரர்களை டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்கு அழைத்துப் போய், இளைஞர்களை வைத்து இயக்கிக் காட்டினார்கள். வந்தவர்கள் பெரிதாக அசரவில்லை. முதல் மாதம் சுமார் 3,000 தான் விற்றது. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் முதலில் தயாரித்த 30,000-மும் காலி.

காரணம் எளிமையானது. வீட்டில் தொலைக்காட்சி முன் இருப்பவருக்குப் பதிவு செய்வது தேவை. நடந்து போகிறவருக்குப் பாட்டுக் கேட்டால் போதும். இல்லாத வசதி ஒன்றேதான் என்றாலும், அது யாருக்கு எங்கே இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கு அது தெரிந்தது. பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

டெக் வாடகைக்கு எடுத்த காலம்

இந்த ஜப்பான் - அமெரிக்கக் கதையின் ஒரு வால் தமிழ்நாடு வரைக்கும் நீண்டது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். வீடியோ கருவிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் டெக். சொந்தமாக வாங்குவது எல்லோராலும் முடியாது. வளைகுடாவில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ வருகிறவர் கொண்டுவந்தால் தெருவுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு வாடகைதான். கலர் டிவி, டெக், கூடவே மூன்று நான்கு கேசட் என்று ஒரு ராத்திரிக்கு எடுத்து, கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் விடிய விடியப் பார்த்தார்கள். விடிவதற்குள் எல்லாப் படத்தையும் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாடகை வீண்.

இங்கே கருவியின் முக்கியப் பயன்பாடே மாறிவிட்டதைக் கவனியுங்கள். மொரிட்டா சொன்ன நேரத்தை நகர்த்தும் வேலைக்கு, ஒரே ஒரு சேனல் இருந்த ஊரில் அவ்வளவு தேவையில்லை. கொட்டகையை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் மக்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கு மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் ஒரே கேசட்டில் அடங்க வேண்டும், கடையில் அந்தக் கேசட் கிடைக்க வேண்டும். வீடியோ கடை அலமாரிகளை விஎச்எஸ் நிறைத்ததில் ஆச்சரியமில்லை.

தோஷிபா மறுபடி வருகிறது

முப்பது வருடம் கழித்து அதே நாடகம் மறுபடி மேடையேறியது. டிவிடிக்கு அடுத்து உயர்துல்லியப் படத்துக்கு எந்தத் தட்டு? தோஷிபா முன்னெடுத்த எச்டி டிவிடி ஒரு பக்கம். சோனியும் பானாசோனிக்கும் மற்றும் பலரும் சேர்ந்த புளூ-ரே இன்னொரு பக்கம். அன்று ஒரே அணியில் இருந்த சோனியும் தோஷிபாவும் இன்று எதிரெதிர் அணி.

2006 ஏப்ரலில் தோஷிபாவின் கருவி 499 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஜூனில் வந்த சாம்சங்கின் புளூ-ரே கருவி 999 டாலர். சரிபாதி விலை, எச்டி டிவிடிதான் ஜெயிக்கும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். அந்த நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே புளூ-ரேயை வைத்து விற்றது. 499, 599 டாலர் என்று இரண்டு விலை. விளையாட்டுக் கருவிக்கு இவ்வளவா என்று அதைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. ஆனால் புளூ-ரே கருவி என்று பார்த்தால் அன்றைக்கு அது மலிவு! விளையாட்டுக்காக வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் புளூ-ரே சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டது.

சினிமா நிறுவனங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றதால் பாவம், வாங்குகிறவர்தான் முழித்தார். ஒரு படம் இந்தத் தட்டில் மட்டும் வரும், இன்னொன்று அந்தத் தட்டில் மட்டும் வரும். 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தது. நவம்பரில் வால்மார்ட் கடைகளில் தோஷிபா கருவி ஒன்றை 100 டாலருக்கும் கீழே விற்றார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அவர்களுடைய சந்தோஷம் சுமார் இரண்டு மாதம்தான் நீடித்தது. 2008 ஜனவரி 4-ஆம் தேதி வார்னர் நிறுவனம் இனி புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி வால்மார்ட்டும் எச்டி டிவிடியைக் கைவிடுவதாகச் சொன்னது. பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபாவே தோல்வியை ஒப்புக்கொண்டு தயாரிப்பை நிறுத்தியது. ஆசையாக வாங்கிய கருவிக்கு இனிப் புதுப்படமே வராது! பெஸ்ட் பை கடை, தன்னிடம் எச்டி டிவிடி கருவி வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்து ஆறுதல் சொன்னது.

2009-இல் தோஷிபா புளூ-ரே கருவி தயாரிக்கத் தொடங்கியது. 1988-இல் சோனி செய்த அதே காரியம். கம்பெனிகள் அணி மாறிக்கொண்டன. வாங்கியவர்கள் மாறுவதற்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியிருந்தது.

68 நாட்களில் 200 டாலர்

ஸ்மார்ட்போன் கதைக்கு வருவோம். 2007 ஜனவரி 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டினார். ஜூன் 29-ஆம் தேதி விற்பனை. 4 ஜிபி 499 டாலர், 8 ஜிபி 599 டாலர். கூடவே ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தம்.

வசதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஐபோனுக்கு எதிராகச் சொல்ல நிறைய இருந்தது. 3ஜி இல்லை. கேமரா 2 மெகாபிக்சல், வீடியோ எடுக்காது. படச்செய்தி அனுப்ப முடியாது. எழுதியதை வெட்டி ஒட்ட முடியாது. பேட்டரியைக் கழற்ற முடியாது. வெளியார் செயலிகளை நிறுவ முடியாது. அந்த வருடம் மார்ச்சிலேயே கடைக்கு வந்துவிட்ட நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் கேமரா, 3ஜி, ஜிபிஎஸ் எல்லாம் இருந்தன. பட்டியலை வைத்து மார்க் போட்டால் நோக்கியாவே முதல் ரேங்க்.

அந்த விமர்சனங்கள் பொய்யில்லை. வெட்டி ஒட்டும் வசதி 2009 ஜூனில்தான் ஐபோனுக்கு வந்தது. ஆனாலும் வாங்கியவர்கள் கண்டது வேறு ஒன்று. விரலால் தள்ளினால் பக்கம் நகர்கிறது. இணையப் பக்கம் கணினியில் தெரிவது போலவே தெரிகிறது. என்95-இல் இருந்த பல வசதிகளைத் தேடிப் போக மெனுவுக்குள் மெனுவாக நுழைய வேண்டும். இருக்கிற வசதிக்கும், தினமும் கை போகிற வசதிக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்த முதல் கூட்டம்தான் கண்டுபிடித்தது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை? செப்டம்பர் 5-ஆம் தேதி, விற்பனை தொடங்கி 68 நாளில், 8 ஜிபி ஐபோனின் விலை 599-இல் இருந்து 399 ஆனது. வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். மறுநாளே ஜாப்ஸ் திறந்த மடல் எழுதினார். முன்பே வாங்கியவர்களுக்கு 100 டாலர் கடன்சீட்டு கிடைத்தது. அதையும் ஆப்பிள் கடையில்தான் செலவழிக்க வேண்டும்! ஆனாலும், முதல் நாள் வாங்கியவர்கள் சத்தம் போட்டு ஒரு பெரிய நிறுவனத்தை 24 மணி நேரத்தில் இறங்கி வர வைத்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்தது, கூடவே 3ஜி ஐபோனும் வந்தது. அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலர். ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஏர்டெல், வோடஃபோன் மூலம் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி விலை 31,000 ரூபாய். 199 டாலர் என்பது அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்திய வாடிக்கையாளர்கள் பல்லைக் கடித்ததில் நியாயம் உண்டு. அதே சமயம், அந்த 199 முழு விலை இல்லை. மீதியை இரண்டு வருட மாதக் கட்டணத்தில் அமெரிக்கர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பில் பெரிய எழுத்தில் வரும் விலை ஒன்று, கையை விட்டுப் போகும் பணம் இன்னொன்று.

நோக்கியா? 2013 செப்டம்பரில் தன் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியது.

மேசை இழுப்பறையில் கண்ணாடி

முதல் ஆளாக வாங்கியவர்களே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்ட ஒன்றையும் பார்த்துவிடலாம். 2009 டிசம்பரில் அவதார் படம் வந்து முப்பரிமாண மோகத்தைக் கிளப்பியது. 2010-இல் சாம்சங், பானாசோனிக், சோனி, எல்ஜி எல்லாம் 3டி தொலைக்காட்சிகளை வரிசையாக இறக்கின. அறிவிப்பில் எல்லாம் அமர்க்களம்.

வீட்டில் நடந்தது என்ன? கண்ணாடி மாட்டினால்தான் படம். நான்கு பேர் பார்க்க நான்கு கண்ணாடி. சாப்பிட்டுக்கொண்டே, பேப்பர் படித்துக்கொண்டே, குழந்தையைத் தூக்கிக்கொண்டே டிவி பார்க்கிற வீட்டில் இது எப்படி ஒத்துவரும்? 3டியில் பார்க்க நிகழ்ச்சிகளும் குறைவு. பெட்டி நன்றாகத்தான் ஓடியது, கண்ணாடி மட்டும் இழுப்பறைக்குப் போனது. 2016-இல் சாம்சங்கும், 2017-இல் எல்ஜியும் சோனியும் புதுப் பெட்டிகளில் 3டியை விட்டுவிட்டன. யாரும் போராட்டம் நடத்தவில்லை, வழக்குப் போடவில்லை. கண்ணாடியை மறுபடி எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் ஒரு கருத்துதானே!

கடைசியாக

இத்தனை கதையிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. அறிவிப்பு நாளில் பேசப்பட்டது கருவியைப் பற்றி. பிறகு முடிவானது வீட்டைப் பற்றி. படம் ஒரே கேசட்டில் அடங்குகிறதா, இரவல் கேசட் ஓடுகிறதா, கண்ணாடி இல்லாமல் பார்க்க முடிகிறதா என்பது எந்த மேடையிலும் பெரிதாகச் சொல்லப்படுவதில்லை.

புதுக் கருவி வாங்க ஆசைப்படுகிறவர் இந்த வரலாற்றில் இருந்து எடுத்துக்கொள்ளச் சில கேள்விகள் உண்டு. இதில் ஓடக்கூடியது இந்த ஒரு நிறுவனத்திடம் மட்டும்தான் கிடைக்குமா? அந்த நிறுவனம் நாளைக்கு மனசு மாறினால் கையில் மிஞ்சுவது என்ன? இரண்டு மாதம் பொறுத்தால் விலை இறங்குமா? முக்கியமாக, இதைத் தினமும் எடுக்கப் போகிறோமா, இல்லை வாங்கிய வாரத்தோடு சரியா?

இதெல்லாம் சொன்னாலும் எல்லோரும் பொறுத்திருந்தால் எந்தக் கருவியும் வளராது. 2,495 டாலர் கொடுத்தவர் இல்லையென்றால், கல்யாண வீட்டில் விடிய விடிய ஓடிய டெக் இல்லை. 599 டாலர் கொடுத்துவிட்டு 68 நாளில் ஏமாந்தவர் இல்லையென்றால், அடுத்த வருடம் குறைந்த விலை ஐபோனும் இல்லை. மற்றவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் அதிகம் கொடுத்திருக்கிறார். அவருடைய அலமாரியில் இன்றைக்கும் ஒரு பீட்டாமேக்ஸ் கேசட்டோ, எச்டி டிவிடித் தட்டோ இருக்கலாம், போட்டுப் பார்க்கக் கருவி இல்லாமல்.